ஆறாம் தொட்டித் திருக்கையும் எங்கள் அண்ணியும்

எங்கள் அண்ணியைப் பற்றி இந்த மீன் காட்சியகத்தில் யாரிடம் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். "வாளியக்காவா? அந்தம்மா போடுற சத்தத்துக்குச் சுறாவே மூலையில ஒதுங்கிடும்" என்பார் மோட்டார் அறைக்காரர். சொல்லிவிட்டு, பின்னால் நிற்கிறாளோ என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார். வாயைப் பற்றிச் சொல்கிற யாரும் அவள் கண்ணைப் பற்றிச் சொல்வதில்லை. எனக்கு அதில்தான் ஆத்திரம். பதினாறு தொட்டிகளில் எந்த மீன் நேற்று எதைத் தின்றது, எதைத் துப்பியது, எந்தப் பக்கம் சாய்ந்து நீந்தியது என்று அவளுக்குத் தெரியும். அவள் பேச்சைக் கேட்டிருந்தால் இன்று ஆறாம் தொட்டி காலியாகக் கிடக்காது.

அவள் என் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அம்மா போனதிலிருந்து நான் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். முன்னறை சோபாதான் என் படுக்கை. கல்யாணமாகி வந்தபோது அண்ணி இறால் உரிக்கும் கம்பெனியில் இருந்தாள். பதினோரு வருஷம் ஐஸ் தண்ணீரில் கை வைத்து வைத்து இரண்டு விரல்களில் நகமே முளைப்பதில்லை. பிறகு இங்கே கண்ணாடி துடைக்க வந்தாள். தீனி போடுகிறவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். மீனெல்லாம் பட்டினி கிடக்கிறதே என்று இவள் வாளியைத் தூக்கினாள். அன்றைக்குத் தூக்கியதுதான். சொந்தப் பெயர் போய் வாளியக்கா ஆனது அப்படித்தான்.

எனக்கு இங்கே டிக்கெட் கவுண்டர் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். மேனேஜர் அறை வாசலில் மூன்று நாள் நின்று, "பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சிருக்கு சார், பொறுப்பான பொண்ணு, போட்டுத்தான் பாருங்களேன்" என்று நச்சரித்து வாங்கிய வேலை. பொறுப்பான பொண்ணு! அந்த வார்த்தையை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அண்ணியிடம் ஒரு நோட்டு உண்டு. ஈரம் படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பாள். தின்றது, மிச்சம் விட்டது, படுத்த இடம் என்று தொட்டிக்கு ஒரு பக்கம். கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுதுவாள். பார்க்காத நாளில் அந்த வரியைச் சும்மா விட்டுவிடுவாள். ஒருமுறை நான், "சும்மா விடறதுக்கு நேத்து எழுதினதையே போட்டுடலாமே அண்ணி? தினமும் அதைத்தானே தின்னுது" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நேத்து நீ சாப்பிட்டேன்னு எழுதி வெச்சுட்டு இன்னைக்கு உன்னைப் பட்டினி போடட்டுமா?" என்றாள்.

போன வருஷம் ஒரு விசைப்படகுக்காரர் அந்தத் திருக்கையைக் கொண்டுவந்தார். ஆழத்தில் விட்ட வலையில் தவறி ஏறியது. முதுகெல்லாம் மஞ்சள் புள்ளி. ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம். முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர், "இந்த மாதிரி நான் மூணே மூணுதான் பார்த்திருக்கேன்" என்றார். நாலு பேர் தார்ப்பாயில் தூக்கிவந்து ஆறாம் தொட்டியில் விட்டார்கள். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. ஆளுயரத்துக்கு போர்டு வைக்கச் சொன்னார். காட்சியகத்து போர்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் அடிப்பது நான்தான். அதே விவரத்தை ஓர் அட்டையிலும் அச்செடுத்து டாக்டர் பார்க்கும் பைலில் வைப்பேன். இது எங்கள் காட்சியகத்து வழக்கம். நீளம், எடை, உணவு, ஆயுள், கர்ப்பகாலம் என்று எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்க வேண்டும்.

முதல் இரண்டு மாதம் அது மணலுக்குள் கண் மட்டும் தெரியக் கிடந்தது. எதைப் போட்டாலும் தொடவில்லை. அண்ணி தினமும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். நண்டை ஓடு உடைத்துப் போட்டதும் எழுந்து வந்தது. அதன்பிறகு வாளிச் சத்தம் கேட்டாலே கண்ணாடிப் பக்கம் வந்துவிடும். செல்லப் பெயரெல்லாம் அண்ணி வைக்கவில்லை. "ஏய் ஆறு, இங்க வா" என்பாள். கொஞ்சுவது அவளுக்குத் தெரியாத வேலை. பெற்ற பிள்ளைகள் இரண்டையும் கொஞ்சி நான் பார்த்ததில்லை.

வந்து பதினொரு மாதம் ஆனபோது தீனி இரண்டு மடங்கானது. தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் விழும் குழாய்க்கு அடியிலேயே போய்ப் படுக்க ஆரம்பித்தது. பிறகு முதுகு தூக்கிக்கொண்டது. வால் பக்கமாக இரண்டு பக்கமும் வீக்கம். அண்ணி எல்லாவற்றையும் எழுதினாள். எழுதிவிட்டு டாக்டரிடம் போய்ச் சொன்னதும் அவளேதான். அந்த ஒன்றுக்காக அவள் தன்னையே பிறகு எவ்வளவு திட்டிக்கொண்டாள் என்று எனக்குத்தான் தெரியும்.

எங்கள் டாக்டர் கெட்டவர் இல்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் எரிச்சலாக இருக்கிறது. கெட்டவராக இருந்திருந்தால் திட்டுவதற்கு வசதியாக இருந்திருக்கும். நாய்க்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்க்கிறவர். வாரத்தில் இரண்டு நாள் இங்கே வருவார். ஆமைக்கு ஓடு உடைந்தால் ஒட்டுவார், மீனுக்குச் செதிலில் பூஞ்சை வந்தால் மருந்து கொடுப்பார். மாட்டுக்கு வைத்திருந்த ஸ்கேன் பெட்டியைக் கொண்டுவந்து திருக்கையின் முதுகில் வைத்துப் பார்த்தார். திரையில் கறுப்பாக நாலைந்து உருண்டை தெரிந்தது. உதட்டைப் பிதுக்கினார்.

மறுநாள் காலை மேனேஜர் அறையில் கூடினோம். மேனேஜர், டாக்டர், அண்ணி. காபி கொடுக்கவும் குறிப்பெடுக்கவும் நான்.

"கர்ப்பப்பையில கட்டி. தொட்டியில தனியா வளர்ற திருக்கைக்கு வர்ற வியாதிதான்" என்றார் டாக்டர். "விட்டா வெடிச்சு செத்துப்போகும். அறுத்து எடுத்துடணும்."

"அசைஞ்சுது சார்" என்றாள் அண்ணி. "நீங்க பெட்டியை வெச்சப்ப உள்ள ஒண்ணு அசைஞ்சுது. நான் பார்த்தேன்."

"தண்ணி அசைஞ்சிருக்கும்."

"சீக்குப் பிடிச்ச மீன் தின்னுமா சார்? இது ரெண்டு பங்கு தின்னுது. சூட்டைத் தேடிப் போய்ப் படுக்குது. நோட்டுல இருக்கு, பாருங்க."

டாக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். அதையும் சொல்லியாக வேண்டும், பார்த்தார். பிறகு பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "அக்கா, இது இங்க வந்து பதினாலு மாசம். ஆண் கிடையாது, தனியா இருக்கு. கர்ப்பகாலம் நாலு மாசம். கடல்லேயே கரு உண்டாகியிருந்தாலும் எப்பவோ பெத்து முடிச்சிருக்கணும். கணக்கு உதைக்குதே."

"நாலு மாசம்னு யாரு சொன்னது?"

"யாரு சொன்னதா? இதோ, உங்க அட்டையிலேயே இருக்கே" என்று பைலைத் திறந்து காட்டினார்.

அந்த நாலு என்னுடையது.

பதினாலு மாதத்துக்கு முன்னால், போர்டு அடிக்கிற அன்றைக்கு, மேனேஜர் அலமாரியில் இருக்கும் தடிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தத் திருக்கையின் பக்கத்தில் கர்ப்பகாலம் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடுதான் இருந்தது. மேனேஜரிடம் கேட்டேன். "கோடு போட்டு வெச்சா, இவங்களுக்கே ஒண்ணும் தெரியலைன்னு ஜனங்க சிரிக்க மாட்டாங்களா? பக்கத்துத் தொட்டியிலயும் திருக்கைதானே இருக்கு, அதுக்கு என்ன போட்டிருக்கோம்?" என்றார். அதற்கு நாலு மாதம் என்று இருந்தது. எடுத்து ஒட்டினேன். அரை நிமிஷ வேலை. அடுத்து அட்டை அச்செடுத்து பைலில் வைத்துவிட்டு, வடிகட்டாத டீயைக் குடித்துவிட்டுக் கவுண்டருக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு ஒருநாளும் அது என் நினைவில் இல்லை.

அண்ணி விடவில்லை. "சார், நான் அது கர்ப்பம்னு சொல்லல. எனக்கு அது தெரியாது. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். கட்டின்னு நீங்க எப்படிச் சொல்றீங்க? இந்த மீன் எத்தனை மாசம் சுமக்கும்னு யாரு கூட இருந்து பார்த்தாங்க? படகுக்காரரே மூணுதான் பார்த்திருக்காராம். ஒரு ரெண்டு மாசம் பொறுங்க."

"பொறுத்து, அது செத்துப்போனா?" என்றார் மேனேஜர். "நீங்க பொறுப்பு ஏத்துக்குவீங்களா?"

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அறுவை என்று முடிவானது. நான் குறிப்பில் அதையும் எழுதினேன். வாயைத் திறந்து, "அந்த நாலு மாசம் நான் ஒட்டினது" என்று ஐந்தே வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று வீட்டில் அண்ணி பாத்திரத்தைத் தேய்த்த தேய்ப்பில் அடி ஓட்டையாகியிருக்கும். "கடலுக்கு அடியில போய் இவங்க பிரசவம் பார்த்துட்டு வந்தாங்களாம், நாலு மாசம்னு! எவன் கண்டான்? எவன் எழுதினான்னே தெரியல, எழுதினவன் கையில் கிடைச்சா இருக்கு" என்று பொரிந்துகொண்டிருந்தாள்.

"நீயே ஒரு முழுக்குப் போட்டுப் பார்த்துட்டு வந்துடேன்" என்றான் அண்ணன்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. வேனுக்கு நட்டு கழண்டா மட்டும் ஊரையே கூட்டுவீங்க."

நான் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டேன். எழுதினவன் எதிரே உட்கார்ந்து அவள் கையால் போட்டதைத் தின்றுகொண்டிருக்கிறான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வியாழக்கிழமை மேனேஜர் வருமுன்பே போய்ப் புத்தகத்தை எடுத்தேன். கோடு அப்படியே இருந்தது. முதல் தடவை பார்த்தபோது அந்த ஒரு கோட்டைத்தான் கவனித்தேன். இப்போது பக்கம் முழுக்கப் படித்தேன். எத்தனை வயதில் பருவத்துக்கு வரும்? கோடு. ஒரு ஈற்றில் எத்தனை குட்டி? கோடு. எவ்வளவு காலம் வாழும்? கோடு. எங்கே போய் ஈனும்? கோடு. அடுத்த பக்கத்து மீனுக்கும் பாதி கோடு. அதற்கடுத்த பக்கத்திலும் கோடு. உலகம் முழுக்க இவ்வளவு பெரிய பெரிய கப்பலை வைத்துக்கொண்டு, நம் தட்டில் வந்து விழுகிற மீன் எப்போது பிள்ளை பெறும் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தப் புத்தகம் எழுதியவர்கள் யோக்கியர்கள். தெரியாத இடத்தில் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டை அழித்தவள் நான்.

மேனேஜர் வந்ததும் புத்தகத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கதவைச் சாத்தினார்.

"இதை யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாதே. அறுக்கறதுக்கு எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. டாக்டர் ஸ்கேன்ல பார்த்துச் சொல்றாரு, உன் அட்டையைப் பார்த்தா சொல்றாரு? இப்போ போய் இதைக் கிளறினா உன் வேலையும் போகும், உன்னைச் சேர்த்துவிட்ட உங்க அண்ணி வேலையும் போகும். போ, கவுண்டரைத் திற."

நான் போய்க் கவுண்டரைத் திறந்தேன். மேனேஜரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், நான் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அவர் என் கையைக் காலைக் கட்டிப் போடவில்லை. டாக்டர் நம்பர் என் போனிலேயே இருந்தது. அன்று பகல் முழுக்க, சிரித்த முகத்தோடு, பெரியவர்களுக்கு இரண்டு குழந்தைகளுக்கு மூன்று என்று டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை தனிமை அறையில், நோய்கண்ட மீன்களை வைக்கும் அந்தச் சின்ன அறையில், மேஜை போட்டு ரப்பர் விரிப்பு விரித்தார்கள். நேரம் எழுத என்னைக் கூப்பிட்டார் மேனேஜர். தலைப்பக்கம் பிடிக்க அண்ணியைக் கூப்பிட்டார்கள். அவள் கை பட்டால்தான் அது அடங்கும். மயக்க மருந்தைத் தண்ணீரில் கலக்கும்போது டாக்டர், "இந்த வகைக்கு அளவு எங்கயும் போடல. மத்த திருக்கைக்குக் கொடுக்கறதை எடைக்குத் தக்க கொடுக்கறேன்" என்றார். அண்ணி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நானாக இருந்தால் மருந்துப் பாட்டிலைக் கீழே வைத்திருப்பேன். அவர் எடைக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

பத்து இருபதுக்குக் கத்தி வைத்தார். பத்து இருபத்தைந்துக்கு, "இரு, இரு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து வந்தது கட்டி இல்லை. சுருட்டிய பாய் மாதிரி, சிறகு இரண்டும் உடம்பைச் சுற்றியிருக்க, புள்ளியெல்லாம் போட்டு முடித்த ஒரு முழுத் திருக்கை, சாப்பாட்டுத் தட்டு அகலம். அடுத்து இன்னொன்று. இரண்டும் அசையவில்லை. மூன்றாவதும் அசையவில்லை. நாலாவதை எடுத்து வைத்தபோது அது ரப்பர் விரிப்பின் மேல் தானாக விரிந்தது.

"தொட்டித் தண்ணி! ஏண்டி பார்த்துக்கிட்டு நிக்கறே, தொட்டித் தண்ணி கொண்டா!" என்று அண்ணி அலறினாள். நான் ஓடினேன். தண்ணீரோடு திரும்பி வந்தபோது அவள் குட்டியை ஈரத்துணியில் ஏந்தி வாசலுக்கே வந்துவிட்டாள். மேஜை மேல் தாய்க்குக் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மூச்சுத்துளை திறந்தபடி நின்றுவிட்டது. டாக்டர் குழாயை வைத்துத் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டே இருந்தார். பதினொன்று ஐந்து வரைக்கும் பாய்ச்சினார். நேரம் எழுதச் சொல்லியிருந்தார்களே, எழுதினேன்.

அப்போது மேனேஜர் செய்ததைச் சொல்லாமல் விட்டால் என் வயிற்றெரிச்சல் அடங்காது. போனை எடுத்துச் செத்துக் கிடந்த மூன்று குட்டிகளையும் வரிசையாக வைத்துப் படம் பிடித்தார். "பதினாலு மாசம் சுமந்திருக்கு! உலகத்துலயே முதல் தடவையா இருக்கும். பேப்பருக்குச் சொல்லணும்" என்றார். அண்ணி அவர் பக்கத்தில் போய் நின்றாள். கத்துவாள் என்று நினைத்தோம்.

"படத்துல கத்தியையும் சேர்த்துப் பிடிங்க சார்" என்றாள். அவ்வளவுதான். மேனேஜர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மதியம் குட்டியை விட்டிருந்த அகலத் தொட்டியின் ஓரத்தில் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணி, அந்த நாலு மாசம் நான் எழுதினது" என்றேன். புத்தகத்தில் கோடு இருந்ததையும், வியாழக்கிழமை மேனேஜரிடம் சொன்னதையும், அவர் சொன்னதையும், நான் கவுண்டரைத் திறக்கப் போனதையும் சொன்னேன். அழவில்லை. அழ எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"நேத்தே தெரியுமா உனக்கு?" என்றாள்.

"புதன்கிழமையே தெரியும்."

"புதன்கிழமை ராத்திரி என் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டே."

"ஆமா அண்ணி."

"தெரியாததைத் தெரியாதுன்னு எழுத உனக்கு என்னடி கேடு?" என்றாள். குரலே எழவில்லை. "தெரிஞ்சதைச் சொல்லவும் உனக்கு வாய் வரல." எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் என்னோடு பேச்சு இல்லை. தட்டை வைப்பாள், போடுவாள், எடுப்பாள். அண்ணன் நடுவில் ஏதோ சமாதானம் பேசப் போய், "நீங்க ஸ்டியரிங்கைப் பிடிங்க, போதும்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டான். ஒரே ஒரு உத்தரவு மட்டும் அவன் மூலமாக வந்தது. தினமும் காலை ஏழு மணிக்குக் குட்டித் தொட்டியருகில் போய் உட்கார வேண்டும், கவுண்டர் திறக்கும் வரை நோட்டை நான் எழுத வேண்டும்.

சனிக்கிழமை டாக்டர் வந்தார். அவருடைய நாளே இல்லை, ஆனாலும் வந்தார். முகம் வீங்கியிருந்தது. அட்டையைப் பற்றி அவரிடமும் சொன்னேன். "அட்டையைப் பார்த்தேன், புத்தகத்தைப் பார்க்கல. அது என் தப்பு" என்றார். எனக்கு அதில் ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை. குட்டிக்கு என்ன தீனி கொடுப்பது என்று நாலு ஊர்க் காட்சியகத்துக்குப் போன் போட்டார். யாரும் அந்தக் குட்டியைக் கண்ணால் கண்டதில்லை. ஒருவர்கூட உறுதியாகச் சொல்லவில்லை.

"எப்படி சார் பதினாலு மாசம் ஆச்சு?" என்று அண்ணி கேட்டாள்.

"கடல்ல சேர்ந்தப்ப வாங்கின விந்தை உள்ளேயே வெச்சிருந்து பிறகு கரு உண்டாகியிருக்கலாம். கரு உண்டாகி வளராம சும்மா இருந்துட்டுப் பிறகு வளர்ந்திருக்கலாம். ஆணே இல்லாமக்கூட இருக்கலாம், சில மீனுக்கு அப்படி நடக்கும். பதினாலு மாசமும் சுமந்துதான்னும் சொல்ல முடியாது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியலக்கா. குட்டி என்ன தின்னும்னும் தெரியல."

"இந்த வார்த்தையைப் புதன்கிழமை சொல்லியிருந்தா அது உயிரோட இருந்திருக்கும்" என்றாள் அண்ணி. அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. ஒழுங்காகத் தலை குனிகிற மனிதரை மேலே திட்டவும் முடியவில்லை.

குட்டி தின்னவில்லை. பிறந்தபோது வயிற்றில் ஒட்டியிருந்த சத்தில் இரண்டு மூன்று நாள் ஓடியிருக்கும். இறாலை அரிந்து போட்டோம், தொடவில்லை. கணவாய் போட்டோம். அதன் தாய் தின்ற நண்டையே நாராகக் கிழித்துப் போட்டோம். சிப்பிச் சதை போட்டோம். ஒவ்வொன்றையும் அரைமணி விட்டு அண்ணி அள்ளி எடுத்தாள். நான் எழுதினேன்: தொடவில்லை. தொடவில்லை. தொடவில்லை. ஆறாம் நாள் அதன் முதுகு ஓரம் உள்ளே குழிந்திருந்தது. வாலின் அடியில் எலும்பு தெரிவது மாதிரி இருந்தது. பிறந்ததிலிருந்து ஒரு வாய் தின்னாத உயிரை உட்கார்ந்து பார்ப்பதைவிட வேறு தண்டனை எனக்குத் தேவையில்லை. மேனேஜர் தினம் ஒருமுறை எட்டிப்பார்த்து, "இன்னும் இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஒருநாள் அவர் காலில் வாளித் தண்ணீரைத் தவறிக் கொட்டினேன். தவறித்தான்.

ஏழாம் நாள் காலை அண்ணி எங்கிருந்தோ விரல்நக அளவு உயிர் இறால் பிடித்து வந்திருந்தாள். எண்ணி ஐந்து விட்டாள். விட்டுவிட்டுச் சுறாத் தொட்டிக்குத் தீனி போடப் போனாள். நான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். இறால்கள் மணலில் ஊர்ந்தன. குட்டி மூலையில் கிடந்தது. கவுண்டர் பக்கம் யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். திரும்பி, "இன்னும் திறக்கல" என்று கத்தினேன். ஒரு நொடிதான். மறுபடி பார்த்தபோது குட்டி மூலையில் இல்லை. தொட்டி நடுவில், சிறகு இரண்டையும் மணலில் அழுத்திக் கவிழ்ந்து கிடந்தது. சுற்றி மணல் புகைபோலக் கிளம்பி அடங்கிக்கொண்டிருந்தது. இறால் மூன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

"தின்னுச்சா?" என்று அந்தக் கோடியிலிருந்து அண்ணி கேட்டாள்.

ஏழு நாளில் அவள் நேராக என்னிடம் கேட்ட முதல் வார்த்தை அதுதான். ஆமாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது தெரியுமா? ஆமாம் என்று சொன்னால் அவள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். தின்றிருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் எதற்கு நடுவில் போய்க் கவிழ்ந்து கிடக்கப் போகிறது, இரண்டு இறால் எங்கே போகும்? வார்த்தை நாக்கின் நுனிக்கே வந்துவிட்டது.

"பார்க்கல அண்ணி" என்றேன். "கதவைத் தட்டினாங்க, அந்தப் பக்கம் திரும்பிட்டேன். அஞ்சு விட்டீங்க, மூணு தெரியுது. தின்னுச்சா, மண்ணுக்குள்ள போயிடுச்சான்னு தெரியல."

வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். அவள் வந்தாள், முட்டி போட்டு மூக்கு தண்ணீரில் படுகிற மாதிரி குனிந்து பார்த்தாள். மணலைக் கிளறிப் பார்த்தால் தெரிந்துவிடும். கிளறினால் குட்டி மிரளும். கிளறவில்லை.

"அப்படியே எழுது" என்றாள்.

எழுதினேன். அவள் என் தோளில் ஈரக் கையை ஊன்றிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்மேல் அவள் கோபம் தீரவில்லை, அது எனக்குத் தெரியும். என்மேல் எனக்கும் தீரவில்லை. மூன்று இறாலில் ஒன்று மெல்ல ஊர்ந்து குட்டியின் சிறகு ஓரத்துக்கு வந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே ஷட்டரை உடைக்கிற மாதிரி தட்டினார்கள். தட்டட்டும்.